நாள் தள்ளிப் போகும் முன்பே மாத்திரை!

'குழந்தை உண்டானது தெரியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போய் சத்து மாத்திரை வாங்கிக்கலாம்.' நம் வீடுகளில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஃபோலிக் ஆசிட் விஷயத்தில் மட்டும் அது ரொம்ப லேட்! ஏன் தெரியுமா?

நெய்வேலிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து வரும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்களே! தட்டையான ரப்பர்தான். உருளைகள் மேல் ஓடும்போது இரு ஓரமும் உயர்ந்து வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். கருவிலும் அதே கதைதான். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் முதுகுப் பக்கம் செல்களாலான தட்டை விரிப்பு ஒன்று இருக்கும். அதன் ஓரங்கள் எழும்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகின்றன. பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது இந்தக் குழாய்தான்!

பெல்ட்டை வளைக்க உருளை இருக்கிறது. செல் விரிப்பை வளைப்பது யார்? செல்லுக்குள் மேல் விளிம்பைச் சுற்றி ஆக்டின் என்ற புரத இழைகள் உண்டு. செல்லின் மேலுறையோடு இவை பிணைந்திருக்கும். மயோசின் என்ற இன்னொரு புரதம் இவற்றைப் பிடித்து இழுக்கும். (நம் தசை சுருங்குவதும் இதே ஜோடியால்தான்!) சுருக்குப் பையின் நாடாவை இழுத்த மாதிரி செல்லின் வாய் குறுகுகிறது, அடி அகலமாகவே இருக்கிறது. வரிசையாகச் செல்கள் இப்படி ஆப்பு வடிவமானால், விரிப்பு வளையாமல் என்ன செய்யும்?

சுமார் 28-ம் நாளுக்குள் குழாய் முழுசாக மூடியாக வேண்டும். கீழே மூடாவிட்டால் 'ஸ்பைனா பைஃபிடா' எனப்படும் முதுகெலும்புப் பிளவு. மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டை ஓடும் சரியாக உருவாகாது. அந்த 28-ம் நாளில் அம்மாவுக்கு நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்!

செல்கள் வேகமாகப் பெருக ஃபோலிக் ஆசிட் அவசியம். இதன் கதையில் நம் குன்னூருக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாயிலும் குன்னூரிலும் ஆராய்ந்து, கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணமாக்குவதை 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் ஆசிட் என்று தெரிந்தது. 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்றவர்கள் கருத்தரிக்கும் முன்பே இதைச் சாப்பிட்டதால், மறுபடி அது வருவது 72 சதவிகிதம் குறைந்தது.

ஆகவே, குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்க வேண்டும். கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் முடியும்வரை தொடருங்கள். கீரையும் பயறும் நல்லதுதான். ஆனால் அவை மட்டும் போதாது. முந்தைய குழந்தைக்கு இக்குறை இருந்தாலோ, வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ அளவு கூடும். டாக்டரை முன்கூட்டியே பாருங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!