பயம் எங்கே போச்சு?

'ரெசிடென்ட் ஈவில்' பயமுறுத்துற விளையாட்டா, வெறும் சண்டை விளையாட்டா? எனக்கும் எங்க அண்ணனுக்கும் தினமும் இதே தகராறுதான்.

1996-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட முதல் பாகத்தில் தோட்டா ரொம்பக் கம்மி. சேவ் பண்ணக்கூட டைப்ரைட்டருக்கு மை நாடா தேடணும். மூலைக்கு அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு கேமரா காட்டாது. ஜாம்பி வந்தால் பல நேரம் ஓடுவதே புத்திசாலித்தனம்.

2005-இல் வந்த நான்காம் பாகத்தில் கேமரா வீரனின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. செத்து விழும் எதிரிகளிடமே தோட்டா கிடைத்தது. அண்ணனுக்கு இதுதான் பெஸ்ட். 2012-இல் வந்த ஆறாம் பாகம் பெரும்பாலும் அடிதடி. 2017-இல் ஏழாம் பாகம் நம்மை மறுபடி ஒரு இருட்டு வீட்டுக்குள் தள்ளியது.

போன லீவில் கல்வராயன் மலையில் பாட்டி வீட்டுக்கு ராத்திரி நடந்து போனோம். டார்ச் லைட் நல்லா எரிஞ்சவரைக்கும் அண்ணன் பாட்டுப் பாடினான். பேட்டரி மங்கியதும் சருகுச் சத்தத்துக்கே என் கையைப் பிடிச்சுக்கிட்டான். காடு அதே காடுதான்!

தோட்டாவும் பேட்டரி மாதிரிதான் நண்பர்களே. இப்ப சொல்லுங்க, யார் கட்சி ஜெயிச்சது?