இருபது கேள்வியில் ஒரு விலங்கு

தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள் பலருக்கும் தமிழ் நன்றாகப் புரியும். பேசத்தான் வராது. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "ஹாங்" என்று பதில் வரும். தில்லியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பதில் சொல்ல ஒரு சொல் போதும். கேள்வி கேட்கத்தான் வாக்கியம் வேண்டும். பிள்ளைகளைத் தமிழில் கேள்வி கேட்க வைக்க எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு விளையாட்டு.

ஞாயிறு மாலைகளில் நானும், புனேயிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் என் கல்லூரித் தோழர்கள் இருவரும் குடும்பத்தோடு கணினித் திரையில் கூடுகிறோம். ஒருவர் ஒரு விலங்கை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இருபது கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை "ஆம்" அல்லது "இல்லை" மட்டுமே. எங்களுக்கென்று ஒரு சட்டமும் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் விடை கிடைக்காது. கணக்கில் ஒரு கேள்வி மட்டும் குறைந்துவிடும்!

இருபது கேள்வி போதுமா என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியும் மிச்சத்தைச் சரிபாதியாக்கினால், 10,48,576 பெயர்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். எனவே "புலியா? சிங்கமா?" என்று அடுக்குகிறவர் தோற்பார். "முதுகெலும்பு உண்டா? முட்டையிடுமா? அசைபோடுமா? வளை தோண்டுமா?" என்று வகைப்படுத்திக் கேட்பவர் வெல்வார். வெல்லும் ஆசையில் பிள்ளைகள் இந்தச் சொற்களைத் தாமே தேடி வருகிறார்கள்.

உயிர்களை வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்து, எறும்பை மூவறிவிலும் நண்டை நான்கறிவிலும் நிறுத்தி, மனிதனை ஆறறிவுக்கு உயர்த்துகிறது. இதைச் சொன்னதும் புனேத் தோழரின் மகன், "மூணு அறிவுக்கு மேல இருக்குமா?" என்று கேட்டு எங்களை அசத்தினான்.

ஒரு வாரம் கொல்கத்தாத் தோழர் அழுங்கை நினைத்துக்கொண்டார். குட்டி போடும், பறக்காது, இரவில் திரியும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. என் ஒன்பது வயது மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள்; சொல் வரவில்லை. இந்தியில் கேட்டால் கேள்வி போய்விடும். கையைத் தேய்த்துக் காட்டி, "மீன் மேல ஒட்டியிருக்குமே, அம்மா கத்தியால சுரண்டுவாங்களே, அது இருக்குமா?" என்றாள். திரைக்கு அப்பாலிருந்து புனேத் தோழரின் தாயார், "அது பேரு செதில்டா கண்ணு" என்றார். "ஆமாம் பாட்டி, செதில்! செதில் இருக்குமா?" என்றாள் மகள். விடை, ஆம். பல்லே இல்லாமல் நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் தின்று, ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் அந்தப் பிராணியை அடுத்த நான்கு கேள்விகளில் பிடித்துவிட்டார்கள். செதில் என்ற சொல்லை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் பாட்டி கேட்கும் கேள்விகளே தனி ரகம். ஒருமுறை, "பேரோட 'பிள்ளை' சேர்த்துச் சொல்லுவோமா?" என்றார். "ஆம்" என்றதும் அணிலா, கீரியா, கிளியா என்று பாதி வேலை முடிந்துவிட்டது. இப்படியொரு கேள்வியைத் தமிழில்தான் கேட்க முடியும். அணிலையும் கீரியையும் பிள்ளை என்று அழைக்கும் வழக்கத்தைக் குழந்தைகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள்.

அன்பர்களே, இதற்குப் பாடநூலோ வகுப்போ தேவையில்லை. வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு மூன்று குடும்பங்களையும், முடிந்தால் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சொல்லுக்குத் திணறும்போது உடனே எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். அவர்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் அந்த நேரத்தில்தான் தமிழ் பேசுகிறார்கள்.