பத்து வருடம் உழைக்கும் ஹேண்டி

தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, கையில் ஒரு ஹேண்டியும் வந்துவிட்டது. முதல் மாதம் தினமும் பேசுவீர்கள். ஆறாவது மாதம் அது பீரோவுக்குள் போய்விடும். இரண்டு வருடம் கழித்து ஒரு புயல் நாளில், செல்போனில் சிக்னல் போனபின், ஞாபகம் வந்து எடுத்துத் திருகினால் உயிர் வராது. உடனே ரேடியோ போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அநேகமாகப் போனது பேட்டரி மட்டும்தான்.

ஹேண்டி என்று ஹாம்கள் சொல்வது, ஒரு கையில் பிடித்துப் பேசும் வாக்கி-டாக்கியை. ஹாம் ரேடியோ என்பது, அரசிடம் உரிமம் பெற்ற தனிநபர்கள் லாப நோக்கமில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. இந்தியாவில் ஹேண்டிகள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் உள்ள இரண்டு பட்டைகளில் பேசும்.

உரிமம் இல்லாமல் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கூடாது. பேசுவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள் உண்டு. முதலாவதற்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தேவையில்லை. ஹேண்டியில் பேச அதுவே போதும்.

"ஆன்லைனில் உரிமம் கேட்காமலே விற்றார்களே?" என்பீர்கள். விற்றார்கள்தான். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த விற்பனைக்குக் கடிவாளம் போட விதிமுறைகள் கொண்டுவந்தது. உரிமம் தேவைப்படாத வாக்கி-டாக்கியும் உண்டு. 446 மெகாஹெர்ட்ஸ் அருகே, அரை வாட்டுக்கு மேல் போகாத கருவிகளுக்கு 2018 முதல் விலக்கு இருக்கிறது. ஆனால் அது வேறு கருவி. உங்கள் ஹாம் ஹேண்டியை அந்த அலைவரிசையில் ஓட்டக் கூடாது.

சரி, ஹேண்டியில் முதலில் எது கெடும்? பேட்டரி. இரண்டாவது, ஆன்டெனா மாட்டும் கழுத்து. பிறகு ரப்பர் பொத்தான்களும் ஒலிக்குமிழும். உள்ளே இருக்கும் சர்க்யூட், தண்ணீரும் தவறான மின்சாரமும் படாதவரை, எளிதில் கெடாது. 1980-களில் வந்த ஐகாம் ஐசி-2ஏடி என்ற ஹேண்டியை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் திரை கிடையாது, மெமரி கிடையாது. தலையில் இருக்கும் சிறு எண் சக்கரங்களை விரலால் உருட்டி அலைவரிசை வைக்க வேண்டும். மறந்துபோக அதனிடம் எதுவுமில்லை! பழைய பேட்டரிப் பெட்டியைப் பிரித்து, செத்த செல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்து மாட்டியே அதன் ஆயுளை நீட்டிக்கிறார்கள்.

அதனால் புதிதாக வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை வாட் என்பதல்ல. பத்து வருடம் கழித்து இதற்கு பேட்டரி கிடைக்குமா என்பதுதான். இந்த விஷயத்தில் புத்தம் புதிய மாடலைவிட, நிறையப் பேர் கையில் பல வருடமாக இருக்கும் மாடலே நல்லது என்பது என் கட்சி. 2004-இல் வந்த யேசு எஃப்டி-60ஆர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. அதற்குச் சாதாரண டார்ச் செல் போடும் பெட்டியும் தனியாக உண்டு. விலை குறைந்த சீனத் தயாரிப்பான பாவ்ஃபெங் யூவி-5ஆர் உலகம் முழுக்கப் பரவியிருப்பதால் அதற்கும் பேட்டரி தாராளமாகக் கிடைக்கிறது. டார்ச் செல் பெட்டி கிடைத்தால் கட்டாயம் வாங்கி வையுங்கள். நான்கு நாள் கரண்ட் இல்லாதபோது, மூலைக்கடையில் கிடைக்கும் செல்லே உங்களைக் காப்பாற்றும்.

இன்றைய ஹேண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் அயன் பேட்டரி. அதற்கு இரண்டு எதிரிகள்: சூடு, முழு சார்ஜில் சும்மா கிடப்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் முழு சார்ஜோடு வைத்துவிட்டுப் போவதுதான் அதைக் கொல்வதற்குச் சுலபமான வழி. சார்ஜர் தொட்டிலிலேயே நிரந்தரமாகச் செருகி வைப்பதும் நல்லதல்ல.

அப்படியென்றால் எப்படி வைப்பது? பாதி சார்ஜில், ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டில் வெயில் படாத குளிர்ந்த இடத்தில். பாதி என்று எப்படித் தெரியும்? திரையில் தெரியும் பேட்டரிப் படத்தை நம்பாதீர்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் சிறு கருவி) போதும். பேட்டரியின் மேல் 7.4 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இரண்டு செல் வரிசையாக இருக்கின்றன என்று பொருள். பின்புறத் தகடுகளில் கூட்டல், கழித்தல் குறி பார்த்து முனைகளை வையுங்கள். ஒரே முனை இரண்டு தகட்டையும் தொட்டுவிடக் கூடாது. 8.4 காட்டினால் முழுசு. 7.6-க்கு அருகில் இருந்தால் ஏறத்தாழப் பாதி. 6-க்குக் கீழே போயிருந்தால் அது ஆபத்தான பள்ளம். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் கதவை மூடிவிட்டால் பூஜ்யம்கூடக் காட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி அளந்து, பேட்டரியில் ஒட்டிய காகிதத் துண்டில் தேதியோடு எழுதி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் முழுசாக ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு பேட்டரி இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பேட்டரி வயிறு உப்பி, ரேடியோவில் மாட்டவோ கழற்றவோ கஷ்டமாகிவிட்டால் அதோடு சரி. அழுத்தி உள்ளே தள்ளிப் பார்ப்பதும், இன்னொரு முறை சார்ஜ் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

எஃப்டி-60ஆர் போன்றவற்றோடு வருவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. அது வேறு ரகம். சும்மா வைத்தாலே சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். அதை அவ்வப்போது ஏற்றி, பயன்படுத்தி, மறுபடி ஏற்றுவதே நல்லது.

சார்ஜர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. யூவி-5ஆர் தொட்டிலுக்கு வரும் அடாப்டர் 10 வோல்ட். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரின் முனை அதில் பொருந்திவிட்டால், பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். அடாப்டரின் தலையில் ஸ்கெட்ச் பேனாவால் "ரேடியோ" என்று எழுதிவிட்டால் வீட்டிலுள்ள மற்றவர்களும் குழம்ப மாட்டார்கள்.

அடுத்தது ஆன்டெனா. கூட வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா, சட்டைப்பை வசதிக்காகச் செய்த சமரசம். நீளமானது ஒன்று வாங்கினால் வித்தியாசம் உடனே காதில் தெரியும். ஆனால் ரேடியோவின் தலையில் இருக்கும் சிறிய திருகு இணைப்பு, சுமார் 500 முறை கழற்றி மாட்டுவதற்கென்று வடிவமைத்தது. அதற்கு அதிக பாரமும் ஆகாது. தினமும் ஆன்டெனாவை மாற்றுகிறவராக இருந்தால், தரமான ஒரு மாற்று இணைப்பானை நிரந்தரமாக அங்கே மாட்டிவிட்டு அதன்மேல் கழற்றுங்கள். தேய்ந்தால் அது தேயட்டும்.

வாங்குவதற்குமுன் அந்தக் கழுத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். யூவி-5ஆரில் நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். எஃப்டி-60ஆரில் அந்த இடத்தில் துளை. ஒன்றின் ஆன்டெனா மற்றதில் ஏறாது. ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தவும் கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பிவந்து, கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடலாம்.

செலவில்லாமல் வீச்சைக் கூட்ட வழி உண்டா? உண்டு. 49 சென்டிமீட்டர் மெல்லிய வயர் ஒன்றை எடுத்து, முனையில் ஒரு வளையம் பற்றவைத்து, ஆன்டெனாவின் அடியில் உலோக விளிம்பைத் தொடும்படி இறுக்கித் தொங்கவிடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளம் அது. ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியாக அது வேலை செய்கிறது. வளையம் ஊசியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஐந்து வாட் இருக்கிறதே, எவ்வளவு தூரம் போகும்?" எல்லோரும் கேட்பது இது. வாட்டைப் பொறுத்ததல்ல, உயரத்தைப் பொறுத்தது. இந்தப் பட்டைகளில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. சமதரையில் நிற்பவரின் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோவின் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். 12 மீட்டர் உயர மாடிக்கு ஏறினால் சுமார் 14. நடுவில் அடுக்குமாடிகள் வந்தால் இதுவும் சுருங்கும். ஒரு வாட்டிலிருந்து ஐந்துக்குப் போனால் எதிர்முனையின் சிக்னல் அளவுகோலில் ஒரு கோடு ஏறும், அவ்வளவே. பேட்டரியோ மளமளவென்று இறங்கும். அருகில் இருப்பவரோடு குறைந்த வாட்டில் பேசுங்கள்; ரேடியோவும் சுடாது.

தாம்பரத்தில் வீட்டுக்குள்ளிருந்து பேசுவது கிண்டியில் கேட்காமல் போகலாம். அதே ஹேண்டியில், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரிப்பீட்டரைக் கேட்க முடியும். அது இயங்கும் நாட்களில், தலைக்கு மேலே போகும் சில நிமிடங்களுக்கு, 437.800 மெகாஹெர்ட்ஸில் கேளுங்கள். வரும்போது அலைவரிசை சற்று மேலேயும் போகும்போது சற்றுக் கீழேயும் நகரும் என்பதால் குமிழைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். பீரோவுக்குள் போன ஹேண்டியை வெளியே எடுக்க இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை.

தரையிலும் ரிப்பீட்டர் (ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் உரக்கத் திருப்பிச் சொல்லும், உயரமான இடத்து நிலையம்) இருந்தால் உங்கள் எல்லை பல மடங்கு விரியும். இதற்கு, 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பாலும், உங்கள் ஹேண்டி கேட்கும் அலைவரிசைக்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே பேச வேண்டியிருக்கும். சில இடங்களில் டோன் (கதவைத் திறக்கும் தாழ்ந்த அடையாள ஒலி) ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். இந்த அமைப்பில் ஒன்று தவறினாலும் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. வைக்கவும் வேண்டாம். சிர்ப் என்ற இலவச மென்பொருளும் ஒரு கேபிளும் இருந்தால் கணினியிலேயே எல்லாவற்றையும் நிரப்பி ரேடியோவில் ஏற்றலாம். ஆனால் முதல் வேலையாக, ரேடியோவில் இருப்பதை அப்படியே கணினிக்கு இறக்கி, தேதி போட்டுச் சேமியுங்கள். என்றாவது எல்லாம் அழிந்துபோனால் திரும்ப ஏற்ற அது ஒன்றே வழி. கேபிள் கணினியில் வேலை செய்யவில்லை என்றால், உள்ளிருக்கும் சில்லு போலியாக இருக்கலாம். மலிவுக் கேபிள்களில் இது அடிக்கடி நடப்பதுதான்.

அப்படி நிரப்பும்போது இன்னொன்றும் செய்யுங்கள். மலிவு ஹேண்டிகள் ஹாம் பட்டைக்கு வெளியே, காவல்துறையும் மற்றவர்களும் பயன்படுத்தும் இடங்களிலும் ஒலிபரப்பிவிடும். கை தவறி அழுத்தினாலும் பொறுப்பு உங்களுடையது. ஹாம் பட்டைக்கு வெளியே கேட்க அனுமதியுள்ள சேனல் எதையாவது சேமித்தால், அதில் ஒலிபரப்பை மென்பொருளிலேயே அணைத்துவிடுங்கள். விசைப்பூட்டையும் போட்டு வையுங்கள். வெளியூர் போகும்போது உரிமத்தின் நகல் பையில் இருக்கட்டும். ஆன்டெனாவோடு நிற்கும் ஆளைப் பார்த்தால் காவலர் விசாரிக்கத்தான் செய்வார்.

கணினி இல்லாத இடத்தில்? ஒரு சின்னக் காகிதத்தில் ரிப்பீட்டரின் அலைவரிசை, டோன், நண்பர்களோடு நேரடியாகப் பேசும் அலைவரிசை, மூன்றையும் எழுதி பேட்டரிக்குப் பின்னால் ஒட்டுங்கள். நேரடி அலைவரிசை முக்கியம். 2015 வெள்ளத்திலும் 2016 வர்தா புயலிலும் சென்னையில் செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும். கைக்குக் கை பேசுவதற்கு நடுவில் யாரும் தேவையில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரைக் காற்றில் பயன்படுத்தினால் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலரவிட்டு வையுங்கள். பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்தே விடாதீர்கள். ஒலிக்குமிழ் கரகரத்தால், ரேடியோவை அணைத்துப் பேட்டரியைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு இருபுறமும் பலமுறை திருகுங்கள்.

இதையெல்லாம்விடப் பயன் தருவது, வாரம் ஒருமுறை அதில் பேசுவது. பல ஊர்களில் ஹாம்கள் குறித்த நேரத்தில் "நெட்" (வரிசையாக ஒவ்வொருவரும் வந்து பேசும் வான்வழிச் சந்திப்பு) நடத்துகிறார்கள். ஐந்து நிமிடம் உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். பேட்டரி பலவீனம், மைக் கரகரப்பு, டோன் அழிந்தது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். "சவுண்டு ரொம்பக் கம்மியா வருது சார்" என்று எதிர்முனையில் ஒருவர் சொல்வார். அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் விற்கவோ கொடுக்கவோ நினைத்தால், வாங்குகிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடாமல், முனைகளில் செலோடேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சார்ஜரையும் புரோகிராம் கேபிளையும் ரேடியோவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.