தொகுப்பாளரின் வசைப்பேச்சு: வேட்பாளர் கண்டித்தால் பேச்சுரிமை பறிபோகுமா?

தேர்தல் நேரத்தில் ஒரு பிரபல தொகுப்பாளர் பெண்களையோ, ஓர் இனத்தையோ கேவலமாகப் பேசிவிட்டால் போதும். அடுத்த சில மணி நேரத்தில் எல்லா வேட்பாளர்கள் முன்பும் மைக் நீட்டப்படும். ‘இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?’ என்ற கேள்வி வரும். கண்டித்தால், ‘பேச்சுரிமையில் கை வைக்கிறார்’ என்பார்கள். மௌனமாக இருந்தால், ‘ஓட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்’ என்பார்கள். இரண்டு பக்கமும் அடி.

பேச்சுரிமைக்கு உலகிலேயே மிக வலுவான சட்டப் பாதுகாப்பு உள்ள நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே இந்தச் சிக்கல் பலமுறை வந்திருக்கிறது. அதில் தெளிவான உதாரணம், 2007-ல் நடந்த டான் இமஸ் விவகாரம்.

என்ன நடந்தது?

டான் இமஸ், அமெரிக்காவின் பிரபல காலை நேர வானொலித் தொகுப்பாளர். அவரது நிகழ்ச்சி சிபிஎஸ் வானொலி மூலம் ஒலிபரப்பானது. எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியும் அதை நேரலையில் காட்டியது. நக்கலும் நையாண்டியும்தான் அவரது பாணி. ஆனால் செனட்டர்கள், எழுத்தாளர்கள், மூத்த பத்திரிகையாளர்கள் என்று பெரிய ஆட்கள் வரிசையில் நின்று அதில் கலந்துகொண்டார்கள். கிறிஸ் டாட் என்ற செனட்டர், 2007 ஜனவரியில் அதிபர் தேர்தலில் போட்டியிடுவதாக அறிவித்ததே இமஸ் நிகழ்ச்சியில்தான்.

2007 ஏப்ரல் 3-ம் தேதி தேசியக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்தது. நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி, டென்னசி அணியிடம் 46-59 என்று தோற்றது. மறுநாள் காலை நிகழ்ச்சியில் அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. ரட்கர்ஸ் மாணவிகளின் சுருட்டை முடியைக் கேலி செய்த இமஸ், பாலியல் தொழில் செய்பவர்களைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாலும் அவர்களைக் குறிப்பிட்டார்.

அணியில் மொத்தம் 10 பேர். அதில் 8 பேர் கறுப்பினத்தவர். 5 பேர் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்த முதலாண்டு மாணவிகள். அவர்கள் அரசியல்வாதிகள் இல்லை. இமஸோடு எந்த வம்புக்கும் போகவில்லை. வாழ்க்கையின் மிகப்பெரிய ஆட்டத்தை ஆடிவிட்டு வந்தவர்களுக்கு, நாடு முழுவதும் கேட்கும் நிகழ்ச்சியில் கிடைத்த வரவேற்பு அது.

ஏப்ரல் 6-ம் தேதி இமஸ் மன்னிப்பு கேட்டார். எதிர்ப்பு அடங்கவில்லை. இரண்டு வாரம் இடைநீக்கம் என்று இரு நிறுவனங்களும் அறிவித்தன. அதற்குள் பிராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற பெரிய விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கினார்கள். ஏப்ரல் 11-ல் எம்எஸ்என்பிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. மறுநாள் சிபிஎஸ் அவரை வேலையிலிருந்தே நீக்கியது.

வேட்பாளர்கள் என்ன சொன்னார்கள்?

அப்போது 2008 அதிபர் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் போட்டி சூடுபிடித்திருந்தது. களத்தில் இருந்தவர்களின் பதில்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தன.

பராக் ஒபாமா, ஏப்ரல் 11-ல் ஏபிசி தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், தன்னிடம் வேலை பார்க்கும் யாராவது இப்படிப் பேசியிருந்தால் அவருக்கு வேலை இருந்திருக்காது என்றார். தன் இரு மகள்களும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும் மோசமான முத்திரைகளுக்கு இந்தப் பேச்சு தீனி போடுகிறது என்பது அவரது வாதம். தானும் ஒருமுறை அந்த நிகழ்ச்சிக்குப் போயிருப்பதாகச் சொன்ன அவர், இனி போகமாட்டேன் என்றும் அறிவித்தார். இமஸை நீக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை முதலில் எடுத்த அதிபர் போட்டியாளர் அவர்தான். ஆனால் அந்தக் கருத்து வர ஒரு வாரம் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஹிலாரி கிளின்டனை இமஸ் பல ஆண்டுகளாகவே கிண்டலடித்து வந்தார். கிளின்டன் தன் ஆதரவாளர்களிடம், அந்த மாணவிகளுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதச் சொன்னார். அதே மாதம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கே சென்று பேசினார்.

குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன், இமஸ் நிகழ்ச்சியின் வழக்கமான விருந்தினர். ‘அவர்தான் மன்னிப்பு கேட்டுவிட்டாரே, மனிதன் திருந்துவான் என்று நம்புகிறவன் நான்’ என்கிற ரீதியில் அவர் பேசினார். இமஸ் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் அந்த அணிக்கும் இடையிலான விஷயம் என்றார். ரூடி ஜூலியானியும் அந்த நிகழ்ச்சிக்குத் திரும்பவும் போவேன் என்றார்.

இதில் பேச்சுரிமை மீறப்பட்டதா?

சட்டப்படி பார்த்தால், இல்லை. அமெரிக்க அரசமைப்பின் முதல் சட்டத்திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. ‘இப்படிப் பேசினால் சிறை, அபராதம், உரிமம் ரத்து’ என்று அரசு மிரட்டக் கூடாது. ஒரு தனியார் நிறுவனம் தன் தொகுப்பாளரை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அந்தத் திருத்தத்துக்குள் வராது. இமஸ் மீது அரசு வழக்குப் போடவில்லை. எந்த அதிகாரியும் சிபிஎஸ்ஸுக்கு உத்தரவு போடவில்லை. விளம்பரதாரர்கள் பணத்தை எடுத்தார்கள். நிறுவனம் ஆளை எடுத்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) கண்ணியம், அவதூறு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. அதனால் இங்கே சர்ச்சைப் பேச்சு என்றாலே ‘வழக்குப் போடு’ என்ற குரல் முதலில் எழுகிறது. அமெரிக்காவில் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கிறது. அதனாலேயே அங்கே ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தை கூடுதலாக எடைபோடப்படுகிறது.

ஒரு வேட்பாளர் கண்டிப்பதும் பேச்சுரிமைதான். ‘உன் நிகழ்ச்சிக்கு வரமாட்டேன்’ என்பதும் அப்படியே. இமஸுக்குப் பேச உரிமை இருந்தது. செனட்டர்கள் விருந்தினராக வந்து தன் மேடைக்கு மரியாதை சேர்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே, கண்டன அறிக்கையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: திரும்ப அந்த நாற்காலியில் போய் உட்காருவாரா, மாட்டாரா?

மன்னிப்பு விஷயத்திலும் இதே போன்ற ஒரு நுணுக்கம் உண்டு. மன்னிக்க வேண்டியது வேட்பாளர் இல்லை, பாதிக்கப்பட்டவர்கள். ரட்கர்ஸ் மாணவிகள் ஏப்ரல் 12-ம் தேதி இரவு, நியூஜெர்சி ஆளுநர் மாளிகையில் இமஸை நேரில் சந்தித்துப் பேசினார்கள். அதற்கடுத்த நாள் அவரது மன்னிப்பை ஏற்பதாகப் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர் அறிவித்தார். அதற்குச் சில நாள்கள் முன்பே, ‘மன்னிப்பு கேட்டாச்சு, விடுங்க’ என்று சில அரசியல்வாதிகள் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் இமஸ் வேறொரு நியூயார்க் வானொலியில் திரும்பி வந்தார். முதல் நாள் விருந்தினர்களில் மெக்கெய்னும் டாட்டும் இருந்தார்கள். அப்போது இருவருமே அதிபர் போட்டியில் இருந்தவர்கள்.

நம்ம ஆள் என்றால்?

2012 தேர்தலில் இன்னொரு சோதனை வந்தது. கருத்தடைக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று வாதாடிய சட்டக் கல்லூரி மாணவி சான்ட்ரா ஃப்ளூக்கை, வலதுசாரி வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா ஆபாசமாக வசைபாடினார். அப்போது அதிபராகவும் வேட்பாளராகவும் இருந்த ஒபாமா, ஃப்ளூக்கைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார்.

குடியரசுக் கட்சி வேட்பாளர்களுக்குத் தர்மசங்கடம். லிம்பாவின் நேயர்கள்தான் அவர்களின் வாக்காளர்கள். மிட் ராம்னி, ‘நானாக இருந்தால் அந்த வார்த்தைகளைப் பயன்படுத்தியிருக்க மாட்டேன்’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். ரிக் சான்டோரம், பேச்சு அபத்தம்தான், ஆனால் பொழுதுபோக்குக் கலைஞர் அபத்தமாகப் பேசலாம் என்றார். இருவருமே லிம்பாவின் பேச்சுரிமையைக் காப்பாற்றவில்லை. அதற்கு ஆபத்தே வரவில்லை. அவர்கள் காப்பாற்றியது தங்கள் வாக்குகளை.

ஜனநாயகக் கட்சியும் இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. குடியரசுக் கட்சியின் சாரா பாலினை அசிங்கமான வார்த்தையால் குறிப்பிட்ட நகைச்சுவையாளர் பில் மார், ஒபாமாவுக்கு ஆதரவான சூப்பர் பேக் அமைப்புக்கு 10 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். பணம் திரும்பவில்லை.

எதிராளியின் ஆள் பேசினால் ஆபாசம், நம்ம ஆள் பேசினால் நகைச்சுவை. இந்த அளவுகோல் கட்சி பார்ப்பதில்லை.

எல்லை எங்கே?

‘அவரை நீக்குங்கள்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமா? சொல்பவரின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

2025 செப்டம்பரில், ஏபிசி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல், வலதுசாரி ஆர்வலர் சார்லி கிர்க்கின் கொலை தொடர்பாகச் சொன்ன கருத்து சர்ச்சையானது. ஒலி, ஒளிபரப்பு நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார், நடவடிக்கை பாயலாம் என்று பேட்டியில் எச்சரித்தார். அன்றே ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ்கூட காரின் பேச்சைக் கண்டித்தார். செப்டம்பர் 23-ல் கிம்மல் திரும்பி வந்தார்.

இமஸை நீக்கச் சொன்ன ஒபாமாவிடம் சிபிஎஸ்ஸின் உரிமம் இல்லை. காரிடம் உரிமத்தின் சாவி இருந்தது. ஒன்று கருத்து, மற்றொன்று மிரட்டல். தமக்குப் பிடிக்காத பேச்சைத் தண்டிக்கும்படி தனியார் நிறுவனங்களை அரசு அதிகாரிகள் நெருக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது.

வேட்பாளர் என்பவர் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே நிற்பவர். இன்று அவர் கையில் மைக் மட்டும்தான். நாளை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைவரை நியமிக்கும் பேனாவும் வரலாம். ஆகவே வாக்காளர்கள் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். வசைபாடப்பட்டவர் பக்கம் நின்றாரா? தன் கட்சிக்காரர் பேசியபோதும் இதையே சொன்னாரா? பதவிக்கு வந்த பிறகு அந்தக் கோபத்தை அரசு உத்தரவாக மாற்றாமல் இருப்பாரா?

முதல் இரண்டுக்கான பதில் பிரசாரத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்போது, ஓட்டுப் போட்டு முடிந்திருக்கும்.