அல்முதைனாவின் தோட்டம்

பால்மா துறைமுகத்திலிருந்து நகரின் பேராலயத்தை நோக்கி நடப்போர், அரண்மனை மதிலடியில் நிழல் அடர்ந்த தோட்டமொன்றைக் காண்பர். ஸ்பெயினின் மல்லோர்கா தீவுக்குத் தலைநகர் பால்மா. அரண்மனையின் பெயர் அல்முதைனா. தோட்டம் ‘அரசரின் தோட்டம்’ என வழங்கப்படுகிறது. நீண்ட தடாகத்தின் மீது நீர்த்தாரைகள் வில்லாய் வளைந்து விழுகின்றன. இதனை ‘அரபுத் தோட்டம்’ என்று கேள்விப்படும் நம்மவரின் உள்ளம் நெகிழ்வது இயல்பே. நெகிழுமுன் சற்று ஆராய்வோம்.

நாம் இன்று காணும் இத்தோட்டம் 1960களில் அமைக்கப்பட்டது. அங்கிருந்த நாடக அரங்கு முதலிய கட்டடங்களை அகற்றி, கட்டடக் கலைஞர் கப்ரியேல் அலோமார் இதனை வகுத்தார். அவர் முன்மாதிரியாகக் கொண்டது கிரானடாவின் ஜன்னத்துல் அரீஃப். அங்கே புகழ்பெற்ற நீர்த்தாரைகளும் 19ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவையே! ஆக, அந்தலூஸின் சாயல் என நாம் மகிழ்வது, பிற்காலத்தார் அந்தலூஸைப் பற்றிக் கண்ட கனவின் சாயலாகும்.

தோட்டத்தில் நிற்கும் சிற்பங்கள் இவ்வகையில் நேர்மையானவை. தம் காலத்தை அவை மறைப்பதில்லை. 1956 முதல் 1983இல் மறையும் வரை பால்மாவில் வாழ்ந்த ஜுவான் மிரோவின் படைப்பொன்று இங்குண்டு. ஊரார் அதனை ‘முட்டை’ என்றே அழைக்கின்றனர். அவருடைய நண்பரும் அசையும் சிற்பங்களால் புகழ்பெற்றவருமான அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டரின் ‘நான்சி’யும் உண்டு. இவ்விரண்டிலும் உயிர்வடிவத்தைத் தேடுவோர் எளிதில் காணார். அவற்றுக்கு மாறாக, லொரென்ஸ் ரொஸ்ஸெல்யோ வடித்த கவண்வீரன் முழு மனித உருவினன். கார்த்தேஜுக்கும் ரோமுக்கும் போரிட்ட இத்தீவின் பண்டைய கவணெறிவோரை நினைவூட்டுபவன். உருவச் சிலைகளை நம் அறிஞருள் பெரும்பாலோர் தடுத்துள்ளனர். ஆயினும் அல்ஹம்ராவின் முற்றத்தில் பன்னிரு கற்சிங்கங்கள் சூழ்ந்து நிற்பதையும் மறத்தலாகாது.

அவ்வாறாயின் இஸ்லாமியர் விட்டுச் சென்றது யாது? முதலாவது, பெயர். ‘மதீனா’ என்பதன் குறுமை வடிவமே ‘முதைனா’. சிறுநகரம், அதாவது ஆட்சியாளரின் உட்கோட்டை. கி.பி. 902இல் இஸாம் அல்கவ்லானீ தீவைக் கைப்பற்றியது முதல், 1229 டிசம்பர் 31இல் அரகோன் மன்னர் முதலாம் ஜெய்மே நகரை வென்றது வரை இங்கிருந்தே ஆட்சி நடந்தது. அந்நாளில் நகரின் பெயர் மதீனத்து மயூர்கா. இப்னு ஹஸ்மும் அபுல் வலீத் அல்பாஜியும் சட்டவியலில் வாதிட்டது இத்தீவில்தான். ‘ஜத்வத்துல் முக்தபிஸ்’ இயற்றி, 1095இல் பக்தாதில் மறைந்த ஹதீஸ் அறிஞர் அல்ஹுமைதீ இம்மண்ணின் மைந்தர். தோட்டத்தில் இவர்களை நினைவூட்டும் சிலை எதுவும் இல்லை. அது குறையென்று நாம் கருதவில்லை.

இரண்டாவது, அரண்மனையை ஒட்டி நீர்மேல் நிற்கும் பழைய வளைவு. இன்று அதனடியில் அன்னங்கள் நீந்துகின்றன. முன்பு ஆட்சியாளரின் படகுகள் அதன்வழியே உள்ளே சென்றன. ‘த்ரஸானா வளைவு’ என்பது அதன் பெயர். ‘தாருஸ் ஸினாஆ’, அதாவது தொழிற்கூடம் என்னும் அரபுத் தொடரே கப்பல்கட்டும் துறையைக் குறிக்கும் ‘த்ரஸானா’வாகத் திரிந்தது. தோட்டத்தைக் காண வருவோர் நீர்த்தாரைகளினும் இவ்வளைவின் முன்னரே நெடுநேரம் நிற்க வேண்டும் என்போம்.

மூன்றாவது, நீர். அக்காலத்தில் ‘ஐனுல் அமீர்’ எனப்பட்ட ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நகருக்குத் தண்ணீர் கொணர்ந்தனர். அரசு மாறிய பின்னரும் அவ்வூற்றே நூற்றாண்டுகளாக நகரின் தாகம் தீர்த்தது. வாய்க்காலை ‘ஸீக்கியா’ என்றும், நீர்த்தொட்டியை ‘அல்ஜுப்’ என்றும் தீவு மக்கள் இன்றும் சொல்கின்றனர். ‘ஸாக்கியா’, ‘அல்ஜுப்பு’ என்னும் அரபுச் சொற்களை அறிந்தவர்க்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை.