ஒரு சாக்கெட், ஐந்து பிளக்

எக்ஸ்டென்ஷனில் ஐந்து ஓட்டைகள் இருந்தாலும் அவை அனைத்துக்கும் மின்சாரம் வருவது சுவரிலுள்ள ஒரே சாக்கெட்டிலிருந்துதான். மலேசிய வீடுகளில் அந்தச் சாக்கெட்டின் வரம்பு 13 ஆம்பியர்; 230 வோல்ட்டில் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,000 வாட்.

தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்ட லயங்கள், விளக்கும் ரேடியோவும் போதும் என்றிருந்த காலத்தவை. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடியது. ஊரின் சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளிலும் சாக்கெட்டுகள் குறைவு. அங்கே இன்று பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர் எல்லாம் வந்துவிட்டன. தீபாவளிக்குப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கினால், அடுப்படியில் ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாம் தொங்கும்.

போன் சார்ஜர், மேசை விசிறி, டிவி ஆகியவை சேர்ந்தாலும் சில நூறு வாட்டைத் தாண்டுவது அரிது. சூடாக்கும் சாமான்கள்தான் கவனிக்க வேண்டியவை. கெட்டில் 2,200 வாட், இஸ்திரிப்பெட்டி 1,200, ரைஸ் குக்கர் 600 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,000 வாட், அதாவது 17 ஆம்பியருக்கு மேல். பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே, எரிந்து துண்டித்துவிடாதா என்று கேட்கலாம். அநேகமாகத் துண்டிக்காது. அந்த பியூஸ் 20 ஆம்பியர் வரை நெடுநேரம் தாங்கும். சாக்கெட் வரிசைக்கு மீட்டர் பெட்டியில் வழக்கமாகப் போடும் 20 ஆம்பியர் சுவிட்சும் விழாது. பலர் நம்பியிருக்கும் 'டிரிப்' சுவிட்ச் மின்கசிவை மட்டுமே உணரும். பாரம் கூடியதை அது அறியாது. பாதுகாப்புக்கென வைத்த மூன்றும் சும்மா இருக்க, வயர் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும்.

மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வயரைவிட முன்னதாகக் கெடுவது பிளக்கின் கால் சாக்கெட்டின் பித்தளையைத் தொடும் இடம். அது தளர்ந்து, வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலும் போதும்: 13 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு புள்ளியில் ஏறத்தாழ 17 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் சிறிய கருவிகளின் சூடு அது. சூட்டில் பித்தளை இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும், பிளாஸ்டிக் பழுத்து உருகும்.

இரண்டு கால் பிளக்கை நுழைப்பதற்காக மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறக்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மூன்று கால் சாக்கெட்டுக்கு அந்தக் கால்கள் பொருந்தா. தொடர்பு தளர்வாகவே இருக்கும். அதற்கென விற்கும் அடாப்டரின் விலை சில ரிங்கிட்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று சிரிம் முத்திரை, அதாவது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் அங்கீகாரம் பெற்றதற்கான ஒட்டுச்சீட்டு. மற்றது வயரின் மேல் அச்சிட்ட தடிமன். 13 ஆம்பியருக்கு 1.25 சதுர மில்லிமீட்டர் வேண்டும், 0.75 என்றிருந்தால் அது 6 ஆம்பியருக்கே ஏற்றது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் முத்திரையே இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது. சுருள் வகை எக்ஸ்டென்ஷனைப் பாரமான சாமானுக்குப் பயன்படுத்தினால் முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுற்றிய நிலையில் உள்வளையங்களின் சூடு வெளியேற வழியில்லாததால், அதன் வரம்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகக் கூடாது. வயரைக் கம்பளத்துக்கு அடியிலோ கதவிடுக்கிலோ விடக் கூடாது. தெலுக் இந்தான் ஆற்றோர ஊர் என்பதால், வெள்ள எச்சரிக்கை வந்தால் தரையில் கிடப்பவற்றை நீர் ஏறும் முன்பே கழற்றி எடுத்துவிட வேண்டும். ஏர்கான், வாஷிங் மெஷின், கெட்டில் ஆகியவற்றின் இடம் சுவர்ச் சாக்கெட்தான். குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனி வயரும் தனி சுவிட்சும் வேண்டும்.

பிளக்கைத் தொட்டால் சுடுவது, சாக்கெட் மஞ்சளாவது, மீன் கருகியது போன்ற வாடை, செருகும்போது சடசடப்பு: இவற்றில் எது தெரிந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த எக்ஸ்டென்ஷனைக் குப்பையில் போட வேண்டும், டேப் சுற்றி ஆயுளை நீட்டக் கூடாது. தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாமல் மெயின் சுவிட்சை அணைத்து, வெளியேறி, 999-ஐ அழைத்தால் தீயணைப்புப் படையான பொம்பா வரும்.

ஆண்டு முழுக்க ஒரே மூலையில் எக்ஸ்டென்ஷன் கிடக்கிறது என்றால் அங்கே ஒரு சாக்கெட் குறைகிறது. அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் போட வேண்டும். பழைய வீட்டில் அவர் முதலில் பார்ப்பது சுவருக்குள் ஓடும் வயர் புதிய பாரத்தைத் தாங்குமா என்பதையும், எர்த் கம்பி இருக்கிறதா என்பதையும்தான்.