எண்டோமெட்ரியோசிஸ்: ஹார்மோன் மருந்தை நிறுத்தினால் உடலில் என்ன நடக்கும்?

'வலிதான் இப்போ இல்லையே, இன்னும் எதுக்குத் தினமும் மாத்திரை?' எண்டோமெட்ரியோசிஸ் சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும் கேள்வி இது. சிலர் கேள்வியோடு நிற்பதில்லை. ஸ்ட்ரிப் தீர்ந்ததும் அடுத்ததை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். எடை கூடுகிறது, முடி கொட்டுகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இன்னொரு பக்கம், 'சீக்கிரம் ஒரு குழந்தையைப் பெத்துக்கோ' என்று வீட்டில் நெருக்கடி. நிறுத்தத் தோன்றுவதற்குக் காரணங்கள் நிறைய.

மருந்தை நிறுத்தலாம், அதில் தவறில்லை. மருத்துவருக்குத் தெரியாமல் நிறுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. எந்த மருந்தை, எதற்காக நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, அடுத்த சில மாதங்கள் ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி இருக்கும்.

இது என்ன நோய்?

கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருக்குழாய், குடல், சிறுநீர்ப்பை என எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதுதான் 'சாக்லேட் சிஸ்ட்'. உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10% பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகிவிடுவது இந்த நோயின் பெரிய துயரம். சென்னையில் பிறந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பத்மா லட்சுமிக்கு டீன் ஏஜில் வலி தொடங்கியது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தபோது அவருக்கு வயது 36. பிறகு 2009-ல் ஒரு மருத்துவருடன் இணைந்து, இந்த நோய்க்கென ஓர் அறக்கட்டளையையே தொடங்கினார். நடிகை ஸ்ருதி ஹாசன், தனக்கு பிசிஓஎஸ், எண்டோமெட்ரியோசிஸ் இரண்டும் இருப்பதை 2022-ல் இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாகச் சொன்னார்.

மருந்து என்ன செய்கிறது?

இந்தத் திசு வளர ஈஸ்ட்ரோஜன் தேவை. ஹார்மோன் மருந்துகள் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கின்றன அல்லது அதன் வேலையைத் தடுக்கின்றன. திசு அடங்குகிறது, வலி குறைகிறது. ஆனால் நோய் வேரோடு போய்விடுவதில்லை. 'மாத்திரை சாப்பிட்டேன், குணமாயிடுச்சு' என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. மருந்து இருக்கும்வரை நோய் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2 ஆண்டுகளில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்கும், 5 ஆண்டுகளில் 40 முதல் 50% பேருக்கும் நோய் திரும்புவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு உண்டு. லேப்ராஸ்கோப்பி முடிந்த பிறகும் மருத்துவர் மாத்திரை எழுதித் தருவது இதனால்தான்.

எந்த மருந்தை நிறுத்தினால், எத்தனை நாளில் என்ன?

*டைனோஜெஸ்ட் 2 மி.கி. மாத்திரை:* இந்தியாவில் இப்போது பரவலாக எழுதித் தரப்படுவது இதுதான். இடையிடையே ரத்தக்கசிவு, தலைவலி, மார்பில் வலி, முகப்பரு, மனச்சோர்வு ஆகியவை இதன் பக்கவிளைவுகள். நிறுத்திய 2 மாதங்களுக்குள் பெரும்பாலும் மாதவிடாய் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஸ்டீராய்டு போல அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மாத்திரை இல்லை.

*லூப்ரோலைடு ஊசி:* சினைப்பைக்கு மூளை அனுப்பும் உத்தரவையே இந்த ஊசி அடக்கிவிடும். அதனால் தற்காலிக மெனோபாஸ் வருகிறது. திடீரென உடம்பெல்லாம் அனல் அடிப்பது, வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி, எலும்பு அடர்த்தி குறைவது எல்லாம் இதன் விளைவுகள். மாதாந்திர ஊசி என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 2, 3 மாதங்களில் பீரியட்ஸ் வரத் தொடங்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால் இன்னும் தாமதமாகும்.

*மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஊசி:* அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கருத்தடைக்காகப் போடுவதும் இதே மருந்துதான். உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க 10 மாதங்கள் வரைகூட ஆவது சகஜம். அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

*கருத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம்:* மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் ஒரு ரத்தப்போக்கு வரும். இயல்பான சுழற்சி பெரும்பாலும் 3 மாதங்களுக்குள் வந்துவிடும். சாதனத்தை எடுத்த பிறகும் கருத்தரிக்கும் திறன் விரைவிலேயே திரும்பிவிடும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். டைனோஜெஸ்ட் கருத்தடை மாத்திரையும் இல்லை. 'இன்னும் பீரியட்ஸே வரலையே' என்று அசட்டையாக இருந்தால் எதிர்பாராமல் கர்ப்பம் ஆகலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள் முதல் நாளிலிருந்தே ஆணுறை போன்ற பாதுகாப்பைப் பயன்படுத்த வேண்டும்.

வலி திரும்பினால், அது மருந்தாலா, நோயாலா?

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். மருந்தை நிறுத்திய முதல் சில வாரங்களில் ரத்தக்கசிவு, தலைவலி, மனநிலை மாற்றம் இருந்தால் ஹார்மோன் அளவு மாறுவதால் இருக்கலாம். இவை போகப்போகக் குறையும். மாதவிடாய் திரும்பிய பிறகு, மாதாமாதம் அதே நாட்களில் வரும் வலி கூடிக்கொண்டே போனால் அது நோய் மறுபடி விழித்துக்கொண்டதன் அடையாளம். மலம் கழிக்கும்போது, சிறுநீர் கழிக்கும்போது, தாம்பத்திய உறவின்போது வலித்தாலும் அப்படியே.

'மாத்திரையை விட்டதால்தான் உடம்பு கெட்டுப்போச்சு' என்று பயப்படவும் வேண்டாம், 'தானா சரியாயிடும்' என்று ஆறு மாதம் பொறுத்திருக்கவும் வேண்டாம். போனில் ஒரு குறிப்பு போதும். நிறுத்திய தேதி, ரத்தப்போக்கு வந்த நாட்கள், வலிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வலி மாத்திரை, எத்தனை நாள் லீவு. மூன்று மாதக் குறிப்பைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

வலி இல்லை என்றால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. இந்த நோயில் வலியின் அளவும் பாதிப்பின் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. சாக்லேட் சிஸ்ட் இருந்தவர்கள் மருந்தை நிறுத்திய பிறகு எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்காக நிறுத்துபவர்கள்

ஹார்மோன் மருந்து எடுக்கும் காலத்தில் பெரும்பாலும் கருத்தரிக்க முடியாது. நோயை அடக்கி வைத்துவிட்டுப் பிறகு முயன்றால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எனவே குழந்தைக்கு முயல்பவர்களுக்கு மருந்தை நிறுத்துவதுதான் வழி. எவ்வளவு காலம் இயற்கையாக முயல்வது, எப்போது கருத்தரிப்பு சிகிச்சை என்பதை வயது, சினைப்பையின் நிலை, கணவரின் விந்துப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது.

'ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்' என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் சங்கமான எஷ்ரே, 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதை நேரடியாகவே மறுக்கிறது. நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்கிறது. குழந்தை வேண்டும் என்றால் பெற்றுக்கொள்ளலாம். அதை மருந்தாக நினைக்கக் கூடாது.

பக்கவிளைவால்தான் நிறுத்த நினைக்கிறீர்களா?

அப்படியென்றால் முதலில் ஒரு விஷயத்தை யோசியுங்கள்: நிறுத்துவதற்குப் பதில் மாற்ற முடியுமா?

*ரத்தக்கசிவு:* டைனோஜெஸ்ட் தொடங்கிய முதல் சில மாதங்களில் இது அதிகம் இருக்கும், பிறகு பலருக்கும் குறைந்துவிடும். இரண்டாவது மாதமே வெறுத்துப்போய் விடுபவர்கள், நிம்மதி வருவதற்கு முன்பே விட்டுவிடுகிறார்கள்.

*அனல் அடிப்பது:* 'உடம்பு சூடு' என்று இளநீர், வெந்தயம் மட்டும் எடுத்துக்கொண்டால் தீராது. லூப்ரோலைடு ஊசியோடு குறைந்த அளவு ஹார்மோனைச் சேர்த்துத் தருவது வழக்கம். அனலும் குறையும், எலும்பும் காக்கப்படும். உங்கள் சீட்டில் அது இல்லை என்றால் கேளுங்கள். அல்லது மருந்தையே மாற்றலாம். 24 வார ஒப்பீட்டு ஆய்வில், வலியைக் குறைப்பதில் டைனோஜெஸ்ட் இந்த ஊசிக்கு ஈடாகவே இருந்தது. அனல் தொல்லையும் எலும்பு இழப்பும் அதில் குறைவு.

*முடி உதிர்வு:* ஹார்மோன் மாறிய 2, 3 மாதங்கள் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும். அதனால் மருந்தை நிறுத்திய பிறகும் கொட்டலாம். பெரும்பாலும் தற்காலிகம்தான். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

*மனச்சோர்வு:* இதை 'சும்மா மூட் அவுட்' என்று தள்ளிவிடக் கூடாது. மருந்தை நிறுத்தவோ மாற்றவோ இது ஒன்றே போதுமான காரணம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். 24 மணி நேர இலவச மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் தமிழிலேயே பேசலாம்.

*வலி மாத்திரை:* மருந்தை நிறுத்திய பிறகு பலரும் மெடிக்கல் ஷாப்பில் மெஃபெனமிக் அமில மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அரிதாகத் தீவிர ஒவ்வாமையை ஏற்படுத்தலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்த மருந்து அது. தோலில் தடிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மலைவேம்புச் சாறு, கஷாயம் எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நூம்பலில் இருந்து எங்கே போவது?

நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு பக்கம் வீடு எடுத்துத் தங்கி, போரூருக்கோ அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ வேலைக்குப் போகும் பெண்களுக்கு மருத்துவமனைக்கு நேரம் ஒதுக்குவதே பெரும்பாடு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்வதும், ஒரு நாள் அதை அப்படியே விட்டுவிடுவதும் இதனால்தான்.

அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராகப் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிடும். அதைத் தாண்டினால் எழும்பூர் அரசு மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவமனை. மாதாமாதம் போக வேண்டியதில்லை. நிறுத்துவதற்கு முன் ஒருமுறை, நிறுத்திய மூன்றாவது மாதம் ஒருமுறை போனாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நான் எடுக்கும் மருந்தை எந்த நாளில் நிறுத்தலாம்? அடுத்த பீரியட்ஸ் எப்போது வரும்?
2. வலி திரும்பினால் முதலில் எந்த மாத்திரை, எத்தனை நாள் போடலாம்?
3. அடுத்த ஸ்கேன் எப்போது?
4. ஊசி போட்டிருந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி தேவையா?
5. எந்த நிலை வந்தால் மறுபடி மருந்து தொடங்குவோம்?

எப்போது தாமதிக்கக் கூடாது?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, திடீரென அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, வலியோடு காய்ச்சல், மயக்கம், மாதவிடாய் தள்ளிப்போய் வயிற்றின் ஒரு பக்கம் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் வந்தாலும் அதேதான், மருந்து எடுக்கும்போதும் சரி, நிறுத்திய பிறகும் சரி.

மருந்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் அந்தப் பெண்ணின் முடிவு. ஆனால் அந்தத் தேதி மருத்துவரின் குறிப்பேட்டிலும் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வலி வந்து நிற்கும்போது, எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.